பாலிசியை 'சரண்டர்' செய்வது என்றால் என்ன? படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் புதியவர்கள் அறிய வேண்டியவை

29 வயதில் நான் ஒரு பாலிசியை சரண்டர் செய்தேன். நான்கு ஆண்டு கட்டிய எண்டோமென்ட் பாலிசி, அதாவது சேமிப்பும் ஆயுள் பாதுகாப்பும் சேர்ந்தது. "இதை முடிச்சுட்டு புதுசா ஒண்ணு போட்டுக்கலாம் தம்பி, அதுல வருமானம் ஜாஸ்தி" என்றார் ஏஜென்ட். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, அவர் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். கட்டிய பணத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேல் கணக்கில் வந்தது. அதை அப்படியே புதுப் பாலிசியின் முதல் பிரீமியத்துக்குக் கொடுத்தேன். அந்தப் படிவத்தின் தலைப்பில் இருந்த சொல்லுக்கு என்ன பொருள் என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அதன்பின் அக்கம்பக்கத்தில் பலருக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "எல்.ஐ.சி. பணத்தைத் திரும்ப எடுக்கணும்." குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. சரண்டர் என்பது போட்ட பணத்தைத் திரும்ப எடுப்பது இல்லை. பாலிசியைக் காலம் முடியும் முன்பே நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டு, அதில் மிச்சம் இருக்கும் மதிப்பை வாங்குவது.

சொல் எங்கிருந்து வருகிறது

'சரண்டர்' என்று கேட்டதும் நமக்குப் போலீஸ் நிலையத்தில் சரணடைவதுதான் நினைவுக்கு வரும். தமிழ் நாளிதழ்களிலும் 'சரண் மதிப்பு' என்று எழுதுகிறார்கள். ஆனால் 'சரண்' என்ற நம் சொல்லுக்கும் ஆங்கிலச் சொல்லுக்கும் ஒலியில் உள்ள ஒற்றுமை தற்செயல். ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. 'கையில் இருப்பதை ஒப்படைத்துவிடுவது' என்பது அதன் அடிப்படை. இங்கிலாந்தின் நிலச் சட்டத்தில் இதற்குத் துல்லியமான பொருள் உண்டு: குத்தகைக்காரர் தன் குத்தகை உரிமையைக் காலம் முடியும் முன்பே நில உரிமையாளரிடம் திருப்பிக் கொடுப்பது. காப்பீட்டிலும் பொருள் ஏறக்குறைய அதுதான். ஆகவே 'ஒப்படைப்பு மதிப்பு' என்ற தமிழ்ச் சொல்லே எனக்குச் சரியாகப் படுகிறது. ஆனால் கவுன்டரில் போய் அப்படிக் கேட்டால் புரியாமல் போகலாம். அங்கே 'சரண்டர் வேல்யூ' என்றே கேளுங்கள்.

நம் ஊரில் இந்தச் சொல் வேறு இடங்களிலும் புழங்குகிறது. அரசு ஊழியர்கள் ஈட்டிய விடுப்பை சரண்டர் செய்து பணமாக வாங்குவார்கள். ஆண்டுக்கு 15 நாள். கரோனா காலத்தில், 2020-ல், தமிழக அரசு இதை நிறுத்திவைத்தது. 2025 அக்டோபரிலிருந்துதான் திரும்ப வந்தது. கேஸ் இணைப்பையும் ஊர் மாறும்போது சரண்டர் செய்கிறோம். எல்லாவற்றிலும் நடப்பது ஒன்றே: கொடுத்தவரிடமே ஓர் உரிமையைத் திருப்பிக் கொடுக்கிறோம், அதில் மிச்சம் இருக்கும் மதிப்பை அவர் தருகிறார். விடுப்பை ஒப்படைத்தவர் அந்த நாட்களில் வீட்டில் இருக்க முடியாது. பாலிசியை ஒப்படைத்தவருக்கு அந்த நிமிடத்திலிருந்து ஆயுள் பாதுகாப்பு இல்லை.

யார், எதை, யாரிடம்?

பள்ளி இலக்கணம் இங்கே கை கொடுக்கும். சரண்டர் என்பது செய்யும் வினை, தானாக ஆகும் வினை அல்ல. "பாலிசி சரண்டர் ஆயிடுச்சு" என்று யாராவது சொன்னால், "யார் செய்தது?" என்று கேளுங்கள். பெரும்பாலும் அவர் சொல்ல வருவது லேப்ஸ் ஆனதை. பிரீமியம் கட்டாமல் விட்டால் பாலிசி லேப்ஸ் ஆகும். காலம் முடிந்தால் பாலிசி முதிரும். இந்த இரண்டுக்கும் நம் கையெழுத்து வேண்டியதில்லை. சரண்டருக்குக் கட்டாயம் வேண்டும், அதுவும் உரிமையாளரின் கையெழுத்து.

உரிமையாளர் யார் என்பதிலும் கவனம் தேவை. நாமினி சரண்டர் செய்ய முடியாது. அவர் செய்வது கிளெய்ம், அதுவும் காப்பீடு செய்தவர் இறந்தபின். ஏஜென்ட் படிவத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கலாம், அவரால் சரண்டர் செய்ய முடியாது. வீட்டுக் கடனுக்காகப் பாலிசியை வங்கி பெயருக்கு அசைன்மென்ட் செய்து கொடுத்திருந்தால் உரிமை இப்போது வங்கியிடம் இருக்கிறது. வங்கி அதைத் திருப்பி எழுதித் தராமல் உங்களால் எதுவும் செய்ய முடியாது.

'கேன்சல்' என்பது வேறு. புதுப் பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுத்தால் அது ஃப்ரீ லுக். அந்தச் சில நாள் பாதுகாப்புக்கான தொகை, மருத்துவப் பரிசோதனைச் செலவு, முத்திரைக் கட்டணம் ஆகியவற்றைக் கழித்துக்கொண்டு மீதி முழுவதையும் தந்துவிடுவார்கள். ஏமாந்து வாங்கிவிட்டோம் என்று தெரிந்தால் இந்த 30 நாளைத் தவறவிடாதீர்கள். 31-ஆம் நாள் அதே பாலிசியிலிருந்து வெளியே வருவது பெரிய நட்டம். மருத்துவக் காப்பீடு, வாகனக் காப்பீடு இவற்றிலும் சரண்டர் என்ற பேச்சே கிடையாது, கேன்சல்தான். இறந்தால் மட்டும் பணம் தரும் சாதாரண டேர்ம் பாலிசியில் சேமிப்பு இல்லாததால் ஒப்படைத்தாலும் பொதுவாக ஒன்றும் வராது.

முதல் வேலை: பத்திரத்தைத் திறந்து பாருங்கள்

பாலிசி பத்திரத்தை எடுத்து நான்கு விவரங்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: தொடங்கிய தேதி, காப்புத் தொகை (சம் அஷ்யூர்ட்), மொத்தக் காலம், இதுவரை கட்டிய பிரீமியம் எத்தனை. அப்புறம் நிபந்தனைகள் பகுதியில் சரண்டர் என்ற தலைப்பைத் தேடுங்கள்.

தொடங்கிய தேதி ஏன் முக்கியம் என்றால், விதி மாறியிருக்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024-ல் கொண்டுவந்த விதிகளின்படி, அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் விற்கும் பாலிசிகளில் ஒரு முழு ஆண்டு பிரீமியம் கட்டி ஓராண்டு நிறைந்தாலே சரண்டர் மதிப்பு உண்டு. அதற்கு முந்தைய பாலிசிகளுக்கு அவற்றின் பத்திரத்தில் இருப்பதுதான் சட்டம். இரண்டு ஆண்டோ மூன்று ஆண்டோ கட்டியிருந்தால்தான் ஏதாவது வரும். இன்னும் பழைய பல எல்.ஐ.சி. பாலிசிகளில், முதல் ஆண்டு பிரீமியத்தை விட்டுவிட்டு மீதியில் 30 சதவீதம் என்றே உத்தரவாதம் எழுதியிருக்கும்.

பிரீமியத்தைச் சந்தை சார்ந்த நிதியில் போடும் யூலிப் என்றால் கணக்கு முற்றிலும் வேறு. முதல் ஐந்து ஆண்டுக்குள் ஒப்படைத்தாலும் பணம் உடனே கைக்கு வராது. கட்டணம் கழித்த தொகையைத் தனி நிதியில் போட்டு, குறைந்தது 4 சதவீத வட்டியுடன் ஐந்தாம் ஆண்டு முடிவில் தருவார்கள். ஐந்து ஆண்டுக்குப் பின் என்றால் அன்றைய நிதி மதிப்பு முழுவதும் கிடைக்கும், பிடித்தம் இல்லை.

இரண்டாவது: இரண்டு மதிப்புகளையும் எழுத்தில் கேளுங்கள்

சரண்டர் மதிப்பு என்று ஒன்றல்ல, இரண்டு இருக்கிறது. உத்தரவாத மதிப்பு ஒன்று, சிறப்பு மதிப்பு இன்னொன்று. எது அதிகமோ அதைத் தர வேண்டும்.

உத்தரவாத மதிப்பு, கட்டிய மொத்த பிரீமியத்தில் ஒரு பங்கு. இரண்டாம் ஆண்டில் குறைந்தது 30 சதவீதம், மூன்றாம் ஆண்டில் 35, நான்கு முதல் ஏழாம் ஆண்டு வரை 50, கடைசி இரண்டு ஆண்டுகளில் 90. மணிபேக் மாதிரி இடையில் பணம் வாங்கியிருந்தால் அதைக் கழித்துக்கொள்வார்கள். தொடக்க ஆண்டுகளில் இது ஏன் இவ்வளவு குறைவு? ஏஜென்ட் கமிஷனின் பெரும்பகுதியும் பாலிசி தொடங்கும் செலவும் முதல் ஆண்டு பிரீமியத்திலேயே போய்விடுகின்றன. நீண்ட காலம் நீங்கள் கட்டுவீர்கள் என்று நம்பித்தான் நிறுவனம் அந்தச் செலவைச் செய்கிறது.

சிறப்பு மதிப்புதான் உண்மையான கணக்கு. ஓர் எடுத்துக்காட்டு போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. காப்புத் தொகை 5 லட்சம், காலம் 20 ஆண்டு, ஆண்டு பிரீமியம் 26,000 ரூபாய், போனஸ் காப்புத் தொகையில் ஆயிரத்துக்கு ஆண்டுக்கு 40 ரூபாய். ஆறு ஆண்டு கட்டியாகிவிட்டது. கட்டியது மொத்தம் 1,56,000.

20 பிரீமியத்தில் 6 கட்டியிருப்பதால் காப்புத் தொகையில் 20-ல் 6 பங்கு உங்களுடையது. அதாவது 1,50,000. இதைத்தான் பெய்ட்-அப் தொகை என்கிறார்கள். ஆறு ஆண்டு போனஸ், ஆண்டுக்கு 20,000 வீதம், 1,20,000. இரண்டும் சேர்ந்து 2,70,000. ஆனால் இந்தத் தொகை உங்களுக்கு வர வேண்டியது இன்றைக்கு இல்லை, 14 ஆண்டு கழித்து. 14 ஆண்டு கழித்து வரும் 2,70,000-க்கு இன்றைய மதிப்பு என்ன? 7 சதவீத வட்டி வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டால் ஏறக்குறைய 1,05,000. புது விதி சொல்வதும் இதுதான்: சிறப்பு மதிப்பு இந்த இன்றைய மதிப்புக்குக் குறையக் கூடாது, கணக்கிடும் வட்டி விகிதமும் பத்தாண்டு அரசுப் பத்திரத்தின் வருவாயைவிட அரை சதவீதத்துக்கு மேல் கூடக் கூடாது. பழைய பாலிசிகளில், இப்படி இன்றைய மதிப்புக்குக் குறைக்க நிறுவனம் வைத்திருக்கும் விகிதம் (காரணி) வேறாக இருக்கும், தொகை குறையலாம்.

1,56,000 கட்டியவருக்கு 1,05,000. வயிறு எரியும், தெரியும். ஆனால் அந்த எரிச்சலில் எடுக்கும் முடிவுதான் பலருக்கு இரண்டாம் முறை நட்டத்தைத் தருகிறது.

மூன்றாவது: இன்றிலிருந்து கணக்குப் போடுங்கள்

அதே எடுத்துக்காட்டைத் தொடர்வோம். முழுதும் கட்டினால் முதிர்வில் 5 லட்சம், 20 ஆண்டு போனஸ் 4 லட்சம், மொத்தம் 9 லட்சம். முதல் நாளிலிருந்து பார்த்தால் இது ஆண்டுக்கு ஏறக்குறைய 5 சதவீத வருவாய்தான். இதைச் சொல்லித்தான் "வேஸ்ட் பாலிசி, வெளியே வாங்க" என்பார்கள்.

ஆனால் அந்த ஆறு ஆண்டு போய்விட்டது, அதைத் திரும்ப எடுக்க முடியாது. இன்றைக்கு உங்கள் முன் இருக்கும் கேள்வி இது: கையில் வரும் 1,05,000-ஐயும், இனி ஆண்டுதோறும் கட்ட வேண்டிய 26,000-ஐயும் வேறு இடத்தில் போட்டு, 14 ஆண்டில் 9 லட்சம் ஆக்க எத்தனை சதவீதம் வேண்டும்? கணக்கிட்டால் ஏறக்குறைய 7 சதவீதம் வருகிறது. அதே பாலிசி, தொடக்கத்திலிருந்து பார்த்தால் 5, இன்றிலிருந்து பார்த்தால் 7. தொடக்கச் செலவு எல்லாம் முதல் ஆண்டுகளில் முடிந்துவிட்டதுதான் காரணம். இந்த 7-உடன் ஆயுள் பாதுகாப்பும் சேர்ந்திருக்கிறது. போனஸ் இதே அளவில் தொடரும் என்று வைத்த கணக்கு இது. போனஸ் ஆண்டுதோறும் அறிவிப்பது, உறுதி இல்லை.

ஆகவே என் கருத்து இது: இரண்டு மூன்று ஆண்டு மட்டும் கட்டிய, இன்னும் 17, 18 ஆண்டு பாக்கியுள்ள பாலிசி என்றால், நட்டத்தை ஏற்று வெளியே வருவது பெரும்பாலும் சரியாக இருக்கும். பாதி தாண்டிவிட்டது என்றால் கட்டி முடிப்பதையே நான் சொல்வேன். நடுவில் இருப்பவர்கள் மேலே போட்ட கணக்கைத் தங்கள் எண்களை வைத்துப் போட்டுப் பார்க்க வேண்டும். கணக்குத் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் பத்து நிமிட வேலை.

நான்காவது: வேறு வினைச்சொற்களையும் கேட்டுப் பாருங்கள்

பணமுடையால் சரண்டர் செய்ய நினைப்பவர்கள் கவுன்டரில் இன்னும் மூன்று கேள்வி கேட்க வேண்டும்.

கடன் எடுக்க முடியுமா? நடப்பில் உள்ள எல்.ஐ.சி. பாலிசியில் சரண்டர் மதிப்பின் 90 சதவீதம் வரை, பிரீமியம் நின்று பெய்ட்-அப் ஆன பாலிசியில் 80 சதவீதம் வரை கடன் கிடைப்பது வழக்கம். தனிநபர் கடனைவிட வட்டி குறைவு, ஜாமீன் வேண்டாம், பாலிசியும் உயிரோடு இருக்கும். மருத்துவச் செலவு, கல்லூரிக் கட்டணம் போன்ற ஓராண்டு நெருக்கடிக்கு இதுவே போதும். வட்டியை மட்டும் விடாமல் கட்டுங்கள். பிரீமியமும் கட்டாமல், வட்டியும் ஏறி, மொத்தக் கடன் சரண்டர் மதிப்பைத் தொட்டால் நிறுவனமே பாலிசியை முடித்துவிடும்.

பெய்ட்-அப் ஆக விட முடியுமா? இனி பிரீமியம் கட்ட முடியாது, ஆனால் பணம் உடனே தேவையில்லை என்பவர்களுக்கு இது. மேலே சொன்ன கணக்கில் 14 ஆண்டு கழித்து 2,70,000 வரும், இடையில் இறந்துவிட்டால் குடும்பத்துக்கு அந்தத் தொகை போகும். இதற்குத் தனிப் படிவம் கூடத் தேவையில்லை. குறைந்தபட்ச ஆண்டுகள் கட்டிவிட்டு நிறுத்தினால் தானாகவே ஆகிவிடும்.

லேப்ஸ் ஆனதைப் புதுப்பிக்க முடியுமா? யூலிப் அல்லாத பாலிசி என்றால் முதன்முதலில் கட்டாமல் விட்ட தவணையிலிருந்து ஐந்து ஆண்டு வரை முடியும். பாக்கியும் வட்டியும் கட்ட வேண்டும், உடல்நலம் குறித்த அறிவிப்பும் தர வேண்டியிருக்கும்.

ஐந்தாவது: மாற்றுப் பாதுகாப்பு வந்தபின் ஒப்படையுங்கள்

வரிசையை மாற்றிவிடாதீர்கள். சரண்டர் செய்துவிட்டு டேர்ம் பாலிசிக்கு விண்ணப்பித்தால், மருத்துவப் பரிசோதனையில் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ தெரிய வந்து, பிரீமியம் கூடலாம், மறுக்கவும் செய்யலாம். பழையதும் போய், புதியதும் வராத நிலையில் வீட்டில் சம்பாதிக்கும் ஒரே ஆள் நிற்கக் கூடாது. புதுப் பாலிசி பத்திரம் கைக்கு வந்து, அதில் விவரமெல்லாம் சரியாக இருக்கிறதா என்று படித்துப் பார்த்தபின் பழையதை ஒப்படையுங்கள்.

"பழையதை முடித்து அந்தப் பணத்தில் புதுசு" என்று யாராவது சொன்னால், புதுப் பாலிசியின் முதல் ஆண்டு கமிஷன் யாருக்குப் போகும் என்று மனதுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள். போனில் வந்து "ஐ.ஆர்.டி.ஏ.ஐ.-யிலிருந்து பேசுறோம், உங்க போனஸ் நிக்குது, பழைய பாலிசியை சரண்டர் பண்ணினால்தான் வரும்" என்றால் உடனே துண்டியுங்கள். அந்த ஆணையம் பாலிசி விற்பதில்லை, போனஸ் அறிவிப்பதும் இல்லை.

ஆறாவது: தாள்கள்

முடிவு செய்துவிட்டீர்களா, சரி. பாலிசி இருக்கும் கிளைக்கு நீங்களே போங்கள். எல்.ஐ.சி.யில் 5074 எண் படிவம். அதோடு அசல் பாலிசி பத்திரம், அடையாளச் சான்று, பான் அட்டை நகல், பெயர் அச்சிட்ட ரத்து செய்த காசோலை அல்லது பாஸ்புக் நகல், பணம் கணக்கில் வருவதற்கான என்.இ.எஃப்.டி. படிவம். பத்திரம் தொலைந்திருந்தால் இழப்பீட்டு உறுதிப் பத்திரம் எழுதித் தர வேண்டும், அதற்குத் தனியாக நாள் பிடிக்கும்.

படிவத்தில் பணம் பெற்றுக்கொண்டதாக எழுதியிருக்கும் பகுதியில், தொகை நிரப்பப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் படிவத்தில் வேண்டாம். கணக்கு எண்ணை நீங்களே எழுதுங்கள். கொடுத்த எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து, ஒரு நகலில் கிளையின் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். நாள் கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும். தாள்கள் எல்லாம் சரியாக இருந்தால் ஏழு நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது விதி.

வரி பற்றிச் சுருக்கமாக. இரண்டு ஆண்டு பிரீமியம் கட்டி முடிக்கும் முன் பாலிசி நின்றால், முன்பு வருமான வரிச் சட்டத்தின் 80சி பிரிவில் பெற்ற விலக்கு திரும்ப வருமானத்தில் சேரும். 2012 ஏப்ரல் 1 முதல் எடுத்த பாலிசியில் ஆண்டு பிரீமியம் காப்புத் தொகையில் 10 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் கிடைக்கும் லாபத்துக்கு வரி உண்டு. ஒரே தவணையாகக் கட்டும் பாலிசிகள் பெரும்பாலும் இதில்தான் சிக்கும். நம் எடுத்துக்காட்டில் 5 லட்சத்துக்கு 26,000 என்பதால் அந்தக் கவலை இல்லை.

பணம் வரவில்லை, அல்லது குறைவாக வந்தால்

முதலில் அதே நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். எந்தக் காரணியை வைத்து மதிப்பிட்டீர்கள், பெய்ட்-அப் தொகை எவ்வளவு, சேர்ந்த போனஸ் எவ்வளவு, என்ன பிடித்தீர்கள் என்று தனித்தனியாகக் கேளுங்கள். ஆணையத்தின் பீமா பரோசா என்ற இணையப் புகார் தளத்திலும் பதியலாம், 155255 என்ற எண்ணிலும் சொல்லலாம். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் ஓம்பட்ஸ்மனிடம் போங்கள். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில், அண்ணா சாலையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம், 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளைப் பார்ப்பார்கள். நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். முத்திரை போட்டு வாங்கிய அந்த நகலை மறக்காமல் எடுத்துப் போங்கள்.